பதினாறு

விலங்கியல் இரண்டாம் ஆண்டுக்கு
புதனும் வெள்ளியும் மதியம் இரண்டு மணிக்கு
அலைடு பிசிக்ஸ்.
பேரிலேயே வாடகைக்கு வந்த வாசனை.
மேஜர்காரர்கள் கால்குலஸ் பேசிக்கொண்டு மாடியேறுகிறார்கள்.
எங்களுக்குக் கீழே,
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றும் அறை.
"உங்களுக்கு இண்டக்ரேஷன் கிடையாது, பயப்படாதீங்க"
என்றார் ஹெப்சிபா மேடம்.
ஆறுதலா அவமானமா என்று
என் நோட்டின் ஓரத்தில் எழுதிக் கேட்டாள் ஜமீமா.

தவளையை எங்களுக்குத் தெரியும்.
இப்போது அறுப்பதில்லை; சார்ட்டில்தான்.
ஆனாலும் தெரியும்:
ஈரலுக்கு எத்தனை மடல்,
பித்தப்பை எங்கே ஒளிந்திருக்கும்.
இங்கே அது ஒரு புள்ளி.
நாற்பத்தைந்து பாகையில் தாவுகிறது.
காற்றின் தடை இல்லை எனக் கொள்க.
கொண்டோம்.
எங்கே விழும் என்பது ஐந்து மார்க்.
ஏன் தாவியது என்பதற்கு
மார்க் இல்லை.

செய்முறையில் விளக்கெண்ணெய்,
கை நீள ஜாடி நிறைய.
சைக்கிள் கடை பால்ரஸ் குண்டை மேலே விட்டால்
முதலில் கொஞ்சம் பதறுகிறது.
பிறகு ஒரே வேகம்,
கோரிப்பாளையத்து நெரிசலில் டவுன் பஸ் நகர்வதுபோல.
நான் ஸ்டாப்வாட்ச். ஜமீமா ரீடிங்.
நாலாவது குண்டு சுவரை உரசிக்கொண்டு போனதை
ரெக்கார்டில் எழுதவில்லை.
வீட்டுக்கு வந்தால் கை நாறுகிறது.
"பேதிக்குக் குடிச்சியா?" என்கிறான் தம்பி.

மார்ச்சில் வந்தது குழாய்.
ஆரம் ஆர்.
ஆரை ஆரால் பெருக்கு,
மறுபடியும் பெருக்கு,
மறுபடியும்.
தமனியின் ஆரம் பாதியானால்
பாயும் ரத்தம் எவ்வளவு?
பாதி என்று எழுதினேன்.
பதினாறில் ஒரு பங்கு என்றது சிவப்பு மை.
இருபத்தைந்துக்குப் பதினொன்று.

கல்யாணத்தில் பதினாறும் பெற்று என்கிறார்கள்.
செத்தால் பதினாறாம் நாள்.
நடுவில் இப்படியும் ஒரு பதினாறு,
நெஞ்சுக்குள்,
எந்தப் பத்திரிகையிலும் அடிக்காமல்.

வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கு
நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
எதிர்வீட்டு நாகரத்தினம் ஒரு இஞ்ச் இணைப்பு வாங்கிவிட்டார்.
எங்களுடையது அரை இஞ்ச்.
"அவருக்கு ரெண்டு குடம்னா நமக்கு ஒண்ணு.
விடு" என்றார் அப்பா.
நெல்பேட்டை மண்டியில் எடை போடுகிறவர்.
தட்டில் வைத்தது தட்டில் தெரியும் அவருக்கு.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன்.
எதிர்வீட்டுக் குடம் ஒரு நிமிடம்.
எங்கள் குடம் பதினொன்றரை.
பதினாறு வரவில்லை.
தண்ணீர் வேகமாக ஓடினால் சூத்திரம் செல்லாது என்று
பாடத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது.
எதிர்வீட்டில் வேகமாகத்தான் ஓடுகிறது.
எங்கள் குழாய்க்கு
அப்படி ஒன்றும் அவசரமில்லை.

அப்பாவிடம் விளக்கினேன்.
ரெண்டு மடங்கு அகலம், பதினாறு மடங்கு தண்ணி,
ஏட்டில் அப்படி,
தெருவில் கொஞ்சம் குறையும்.
வெகுநேரம் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப நாலணாவுக்கு நாலணா கிடையாதா?"
கிடையாது.

போன வாரம் பெரியாஸ்பத்திரியில்
பாதி அடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
"பாதிதானே" என்று
வாசலிலேயே டீ குடித்தார்.
அதைப் பற்றி
நான் இப்போது எதுவும் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

மாநகராட்சிக்கு மனு எழுதச் சொன்னார்.
மொட்டைமாடி வெளிச்சத்தில் எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
குழாய் சிறியது, அவ்வளவுதான்.
கையெழுத்துப் போடப் படியேறி வந்தவர்
ஆறாம் படியில் நின்றார்.
சுவரில் கை வைத்தார்.
என் கட்டைவிரல்
ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தது.