பதினோரு பார் ஓய்வு

சனிக்கிழமை மாலை, தண்டையார்பேட்டை,
கார்ப்பரேஷன் பள்ளி, ஏழாம் வகுப்பு அறை.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம்.
அதன் பக்கத்தில் ஐந்து கோடு இழுத்துக்கொண்டோம்.

எனக்கு வயோலா.
வயலினா என்பார்கள்.
இல்லை, அதன் அக்கா என்பேன்.
நடுக்கோடு எனக்கு 'சி'.
பர்வீனின் வயலினுக்கு அதே கோடு 'பி'.
மகிமைதாஸின் செல்லோவுக்கு 'டி'.
ஒரே கதவு எண், தெருதான் வேறு.

புள்ளி வைத்த நோட்டு
எனக்கு ஒரே நாளில் விளங்கியது:
அசலோடு அசலில் பாதி சேரும்.
மீட்டர் வட்டி கட்டிய வீடு எங்களுடையது.

ஓய்வுகளில்தான் குழம்பினேன்.
முழு ஓய்வு கோட்டின் அடியில் தொங்கும்,
அரை ஓய்வு கோட்டின் மேல் உட்காரும்.
எது எது என்று மூன்று வாரம் தெரியவில்லை.
பிறகு ஒருநாள் எண்ணூர் பஸ்ஸில்
ஹேமாவதிக்கு சீட்டு, எனக்கு ஃபுட்போர்டு.
உட்கார்ந்தவள் காலடிப்பேட்டையில் இறங்கிப் போனாள்.
தொங்கியவள் கடைசி ஸ்டாப் வரை தொங்கினேன்.
அதன்பின் மறக்கவே இல்லை.

புதுப் பாடத்தில், ஐந்தாம் வரியில்,
மற்றவர்களுக்கெல்லாம் நோட்டு.
வயோலாவுக்கு மட்டும்
படுத்துக் கிடக்கும் தடித்த ஒரு கட்டை,
தலைக்கு மேல் 11 என்று ஓர் எண்.
கொருக்குப்பேட்டை கேட் இறங்கிக் கிடப்பதை
இத்தனை சுருக்கமாக
யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

கேட்டில் நின்று வளர்ந்தவளுக்கு
எண்ணத் தெரியாதா?
டேங்கர் நாற்பத்தெட்டு, கடைசியில் கார்டு பெட்டி.
ஆனால் இங்கே எண்ணும் விதம் வேறு.

ஒன்று இரண்டு மூன்று நான்கு
இரண்டு இரண்டு மூன்று நான்கு
மூன்று இரண்டு மூன்று நான்கு

முதல் எண் மட்டும் நகரும்,
மற்ற மூன்றும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

போன வாரம் ஒன்பதிலேயே நுழைந்துவிட்டேன்.
அத்தனை பேர் வாசிப்பிலும்
என் வில் மட்டும் தனியாகக் கேட்டது.
யாரும் திட்டவில்லை.
டபுள் பேஸுக்குப் பின்னாலிருந்து இருதயராஜ்தான்,
"கேட்டு தொறக்கறதுக்குள்ள குனிஞ்சி பூந்துகினா பாரு" என்றான்.

இன்று சுருதி சேர்க்கும்போது கரண்ட் போனது.
கீபோர்டு தருகிற 'ஏ' அதோடு போனது.
ட்யூனர் இருந்த ஒரே போன்
நாலு சதவீதத்திலிருந்து கண்ணை மூடியது.
பர்வீன் நினைவிலிருந்து ஒரு 'ஏ' எடுத்தாள்.
கொஞ்சம் தாழ்வு. அவளுக்கும் தெரியும்.
மகிமைதாஸ் முறுக்காணியைத் தளர்த்தி அங்கே போனான்.
நான் போனேன். இருதயராஜ் முனகிக்கொண்டே வந்தான்.
எல்லாரும் ஒரே அளவு தப்பினால்
அதற்குப் பேர் சுருதி.

ஜன்னல் வெளிச்சத்தில் ஆரம்பித்தோம்.
ஐந்தாம் வரி வந்தது.
வில்லை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து இரண்டு மூன்று நான்கு
ஆறு இரண்டு மூன்று நான்கு
ஏழு இரண்டு

டி.எச். ரோடில் கன்டெய்னர் லாரி ஹாரன்,
எந்தக் கோட்டிலும் சேராத சத்தம்.
ஒன்றரை எண்ணிக்கை நீளம்.
கணக்கில் அதையும் போட்டுக்கொண்டு

எட்டு இரண்டு மூன்று நான்கு
ஒன்பது (நீ உட்காரு) மூன்று நான்கு
பத்து இரண்டு

கரண்ட் வந்தது.
தெரு முழுக்கப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.
ஃபேன் சுழன்று தாள் எழும்பியது.
இடது கையால் அழுத்தினேன்,
விரலிடுக்கில் கட்டையும் எண்ணும் மட்டும் தெரிந்தன.
கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.
அதனிடம் யாரும் 'ஏ' கேட்கவில்லை.

பதினொன்று இரண்டு மூன்று

நான்கில் வில்லைத் தூக்கினேன்.