இடது தாலுஸ்

வகுப்பு எலும்புக்கூட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் போல்தோ.
மனிதனுக்கு எலும்பு இருநூற்றாறு என்கிறது பாடம்.
போல்தோவுக்கு இருநூற்றைந்து.
குறைந்த ஒன்றைத் தொலைத்தவன் நான்.

உலான்பாத்தரில் ஜனவரி.
மூச்சு மீசையில் ஒட்டி நொறுங்கும்.
மசாஜ் பயிற்சிக் கூடத்தில் பார்வையில்லாத ஒன்பது பேர்,
ஒரு கணப்பு, நிலக்கரிப் புகை,
ஆசிரியை ஒயூன்கெரெலின் இருமல்.
அவர் சொல்லச் சொல்லத் தடவுவோம்.

கிளாவிகுலா: சின்னச் சாவி.
எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கும் தெரியாது.
பதெல்லா: குட்டித் தட்டு.
திபியா என்றால் குழலாம்;
செரெனாத்மித் போல்தோவின் காலைத் தூக்கி
ஊதிப் பார்த்த சத்தம் கேட்டது.
லத்தீன் எங்கள் வாயில்
காய்ந்த தயிர்க்கட்டி.
கடித்தால் பல் போகும்,
கன்னத்தில் அடக்கினால்
மாலைக்குள் மெல்லப் புளிக்கும்.

தாலுஸை நான் திருடவில்லை.
படிக்க எடுத்துப் போனேன், கையுறைக்குள்.
கணுக்காலின் நடுவே உட்கார்ந்து
மொத்த ஆளையும் சுமக்கிற எலும்பு அது.
ஒரு தசைகூட அதைப் பிடித்திருக்கவில்லை என்று
ஆசிரியை சொன்னது மனதில் தங்கிவிட்டது.
முப்பத்தொரு வயதுவரை லாரி ஓட்டியவன் நான்.
பார்வை போன வருஷம்
என்னையும் ஒன்றும் பிடித்திருக்கவில்லை;
நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பஸ்ஸில் சில்லறைக்குக் கையுறையைக் கழற்றினேன்.
வீட்டுக்கு வந்தபோது கையுறை இருந்தது.

பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு ஷகை கேட்டு வாங்கினேன்.
ஆட்டின் கணுக்கால் எலும்பு.
எங்கள் பிள்ளைகள் தாயம்போல் உருட்டுவது.
நாலு பக்கத்துக்கும் பெயர் உண்டு:
குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு.
கம்பி கோத்து, பசை ஊற்றி,
இடைவெளிக்கு மெழுகு அடைத்து
போல்தோவின் இடது காலில் பொருத்தினேன்.

தேர்வன்று நகரத்திலிருந்து டாக்டர் கொம்போசுரேன் வந்தார்.
கண்ணுள்ளவர்.
போல்தோவை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தார்,
பூட்ஸ் கிறீச்சிட.
'எல்லாம் சரியாக இருக்கிறது' என்றார்.

நொமுன்தாரியின் முறை.
அவள் விரல்கள் இறங்கும் ஓசை
மாவரிசி உதிர்வதுபோல் இருக்கும்.
ஃபெமூர். பதெல்லா. திபியா.
மல்லியோலுஸ், சின்னச் சுத்தியல்.
அதற்குக் கீழே
ஓசை நின்றது.

கணப்பில் ஒரு கரி சரிந்தது.
என் முதுகில் வியர்வை,
அந்த ஜனவரியில்.

'சொல், இது என்ன?'
'குதிரை.'
'என்ன?'
'குதிரைப் பக்கம் மேலே விழுந்திருக்கிறது, டாக்டர்.
இந்த ஆள் வலது காலால் நடப்பார்,
இடது காலால் பாய்வார்.'

ஆசிரியையின் இருமல் பாதியில் வேறெதுவோ ஆயிற்று.
டாக்டர் குனிந்தார், முழங்கால் இரண்டும் முறிய.
வெகுநேரம் எழவில்லை.
'நான் கேட்டது லத்தீன்' என்றார் கடைசியில்.
'தாலுஸ். ஆட்டுக்கும் அதுதானே பெயர்?
மதிப்பெண் உண்டா, இல்லையா?'

உண்டு என்றார்.
பிறகு, தரைக்குச் சொல்வதுபோல்:
ரோமானியர்களும் இதை உருட்டிச் சூதாடினார்கள்.
உருட்டும் காய்க்கும் அவர்கள் சொன்ன பெயர்
தாலுஸ்தான்.
யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை.
ஒன்பது பேரும்
எங்கள் எங்கள் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தோம்.

நான் அந்த வருஷம் தேறவில்லை.
ஃபிபுலாவையும் அல்னாவையும் மாற்றிச் சொன்னேன்,
காலிலிருப்பதைக் கைக்கு.
அடுத்த வருஷம் தேறினேன்.
இப்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கால்கள்,
குளிர்காலத்தில் கூட.
கட்டைவிரல் தானாக அந்தப் பள்ளத்துக்குப் போகும்;
குதிரை இல்லை என்று உறுதியானதும்
மேலே ஏறும்.

அந்த இன்னொன்று?
இருக்கைக்கடியில் யாரோ ஒரு பிள்ளை எடுத்திருக்கும்.
பெரிய ஷகை என்று சந்தோஷப்பட்டு
உருட்டியிருக்கும்.
நாலு பக்கத்தில் ஒன்று விழுந்திருக்கும்.
என்ன பெயர் சொல்லிக் கத்தியிருக்கும்
அது?