இடது கையால் திறக்கிற தாழ்ப்பாள்

டோல்கேட்டில் மொபைல் கடைக்கு மேல்மாடி.
காதில் ஹெட்போனை மாட்டினால்
தேசம் வந்து வரிசையில் நிற்கும்.
அறை பிடித்துக் கொடுப்பது என் வேலை.

ஜெய்சல்மேரா, மேற்குச் சுவர் அறை வேண்டாம்,
ராத்திரி இரண்டு வரை கொதிக்கும்.
மாஜுலியில் மூங்கில் காலில் நிற்கிற வீட்டைக் கேளுங்கள்,
மழைக்காலத்தில் கடைசிப் படகை நம்பாதீர்கள்.
வயநாட்டுக்கு உப்புப் பொட்டலம், அட்டை ஏறும்.
சிரபுஞ்சியில் துவைக்காதீர்கள்.
எல்லாம் தெரியும் எனக்கு.
ரயிலில் வடக்கே நான் போனது
கும்மிடிப்பூண்டி வரை,
அதுவும் ஒரு பெண் பார்க்கும் படலத்துக்கு.
பெண் நான்தான்.

வீட்டுக்காரர்களின் குரல்தான் என் நிலப்படம்.
ராஜஸ்தான்காரர் எச்சிலை மிச்சம் பிடித்துப் பேசுவார்.
ஆலப்புழை லீலாம்மா பேசும்போதெல்லாம்
பின்னால் குக்கர் அடிக்கும்.
ஸ்பிட்டியில் பதினாலாயிரம் அடி உயரத்தில்
நவாங் என்று ஒருவர்.
வெந்நீர் வருமா என்றால்
மூன்று கம்பளி இருக்கிறது என்பார்.
சிக்னல் கிடைக்குமா?
மூன்று கம்பளி இருக்கிறது.
ஆறு வருஷமாக இதே பதில்.
இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

மாசி மாதம் அவரே கூப்பிட்டார்.
"இந்தத் தடவை அறை எனக்கு.
பார்லி அடிக்கிற மெஷினில்
டோல்கருக்கு வலது கை மாட்டிக்கொண்டது.
ஸ்டான்லியில் பார்க்கலாம் என்கிறார்கள்.
உங்க ஊராமே?"

ராயபுரம் என்று தட்டினேன்.
மலைக்காட்சி வேண்டுமா, கணப்பு வேண்டுமா,
நாய்க்குட்டிக்கு அனுமதி வேண்டுமா
என்று வரிசையாகக் கேட்டது.
ஒன்றும் வேண்டாம் என்றேன்.
உங்கள் தேடலுக்கு அறைகள் இல்லை,
மாமல்லபுரம் பார்க்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை
தண்ணி லாரிக்குக் குடம் போட்டுவிட்டு
நடந்தேன்.

மின்ட்டில் ஒரு லாட்ஜ், இரண்டு மாடி,
கைப்பிடிச் சுவர் வலது பக்கம் மட்டும்.
மண்ணடியில் நல்ல அறை,
ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்,
மலையில் பிறந்தவளுக்கு மூச்சு முட்டும்.
துறைமுக லைனை ஒட்டி ஒன்று.
கூட்ஸ் எத்தனை மணிக்கு என்றேன்.
"அதுக்கு ஏது மணி" என்றான் மேனேஜர்,
எனக்கே பெருமையாக இருந்தது ஏனோ.

கல்மண்டபத்தில் சிராஜுதீன் பாயின் தரைத்தள அறை.
வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
உள்ளே போனேன்.
குழாய் சுற்றியது.
பக்கெட்டை நகர்த்த முடிந்தது.
பாத்ரூம் தாழ்ப்பாள் அசையவில்லை.
தோளால் முட்டி, பல்லைக் கடித்து,
ஐந்தாம் முயற்சியில் வந்தது.
"உன் கைக்கு இன்னாக்கா ஆச்சு?" என்றான் ரூம் பையன் சவரி.
சொன்னேன்.
போய்த் தேங்காயெண்ணெய் கொண்டு வந்தான்.

எத்தனை ஆயிரம் அறை கொடுத்திருப்பேன்.
ஒன்றின் தாழ்ப்பாளையாவது
தொட்டதுண்டா.

ராத்திரி நவாங்கிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்,
அறுநூற்றைம்பது வாடகை, முந்நூற்றி எண்பதுக்கு மனுஷர் இறங்கிவந்தார்.
எண்ணூர்க் காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்தணும்.
விடியற்காலை மூன்றுக்கெல்லாம்
மீன் வண்டிகள் கிளம்பும், அது சண்டையில்லை, பேச்சுதான்.
கடல் பத்து நிமிஷ நடை.
ஆனால் மணல் இருக்காது,
பாறாங்கல் கொட்டியிருக்கும்.
"கல் எங்களுக்குப் பழக்கம்" என்றார்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அவர் பக்கம் காற்று.
என் பக்கம் மிக்ஸி.

"கம்பளி கொண்டு வரவா?"

சித்திரையில், கல்மண்டபத்தில்.
சிரிப்பு வாய் வரை வந்துவிட்டது.
அப்புறம் என் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த
பதினோரு ராத்திரி ஞாபகம் வந்தது.
வார்டுக்குள் விடமாட்டார்கள்,
கூட வந்தவர்களுக்கு வராந்தாதான்.

ஒன்று கொண்டு வாங்க என்றேன்.
அவங்களுக்கு இல்லை,
உங்களுக்கு, கீழே விரிக்க.