முன்பு கலந்துகொண்டதுண்டா?

படிவத்தில் நான்காவது கேள்வி அது.
ஆம் என்றொரு கட்டம், இல்லை என்றொரு கட்டம்.
நள்ளிரவோடு பதிவு முடிகிறது.
விடுதியின் நிலவறையில், சுழலும் துணி உலர்த்தியின் மேல்
மடிக்கணினியை வைத்து நிற்கிறான் ஆர்லோ.
எழுத்துகள் நடுங்குகின்றன.
நடுங்குவது இயந்திரம்தான்.

ரஷ் என்று பேர்தான், முண்டியடிப்பு ஏதுமில்லை.
போன செப்டம்பரில் அவன் செய்ததெல்லாம்
மினசோட்டாவின் கடைசி வெயிலில், புல்தரையில் வரிசை நின்றது,
மூன்று கிரேக்க எழுத்து மாட்டிய வீடுகளுக்குள்
ஒவ்வொன்றாய் நுழைந்து, சிரித்து, வெளியே வந்தது.
பஜ்ஜி சொஜ்ஜி இல்லாத பெண் பார்க்கும் படலம்.
பெயர்ச்சீட்டு வியர்வையில் ஊறி
கடைசி ஓ மட்டும் மிஞ்சியிருந்தது.

"அப்பா என்ன செய்கிறார்?"
படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்தபடி கேட்டான் பிரைஸ்.
"மாவட்டச் சாலைத் துறையில்."
பனி வாரும் வண்டி ஓட்டுகிறார் என்று சொல்லவில்லை.
பொய்யில்லை அது.
ஆனாலும் பல்லிடுக்கில் ஏதோ சிக்கியதுபோல
அன்று முழுக்க நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு உறைகள் வந்தன.
தாழ்வாரத்தில் காலடிகள்,
எதிரறையில் ஒரு கூச்சல், பக்கத்து அறையில் ஒன்று.
இவர்கள் கதவடியிலும் ஓர் உறை நுழைந்தது.
குனிந்து எடுத்தவன் ஆர்லோ.
அதில் அறைத்தோழன் எம்மெட்டின் பெயர்.
"உனக்குத்தான்" என்று நீட்டினான்.
குரல் அவ்வளவு இயல்பாய் வருமென்று
அவனே எதிர்பார்க்கவில்லை.
பிறகு பல் துலக்கப் போனான்,
ஏழேகால் மணிக்கு.

இப்போது வெளியே ஜனவரி.
செவ்வாயும் வியாழனும் உணவுக்கூடத்தில் தட்டு கழுவுகிறான்.
வேலை முடிந்து, கவிழ்த்த வாளியின் மேல்
டூ ஷியோங்கோடும் டெல்ஃபினோடும் சீட்டாட்டம்.
டெல்ஃபின் கள்ளாட்டம் ஆடுவாள், ஐம்பத்திரண்டு வயதில்,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.
அங்கே இவனை யாரும் எதுவும் கேட்டதில்லை.
அது போதுமே என்று
அம்மா தொலைபேசியில் சொன்னாள்.
போதவில்லை.
சனிக்கிழமை இரவுகளில் அந்த வீட்டு ஜன்னல்களில்
மஞ்சள் வெளிச்சம் தெரியும்போது
போதவில்லை என்பது வயிற்றிலேயே தெரிகிறது.

நேற்று, படுக்கையில் புரண்டபடி எம்மெட் சொன்னான்:
"உன்னைப் பற்றிப் பதினொரு நிமிஷம் பேசினார்களாம்."
"என்ன பேசினார்களாம்?"
"நல்ல பையன்தான், ஆனால்..."
"ஆனால்?"
"அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.
இந்தத் தடவை அந்த அறையில் நான் இருப்பேன்."

விளக்கை அணைத்த பிறகு
அந்த அறையைக் கட்டிப் பார்த்தான் ஆர்லோ.
வட்டமாய் நாற்காலிகள்.
எம்மெட் ஒன்றில், தொண்டையைச் செருமிக்கொண்டு,
அல்லது செருமாமல்.
அடுத்த வருஷம் இன்னொன்றில் இவனே.
எவனோ ஒருவனின் பெயர் வாசிக்கப்படும்,
எல்லோரும் இவன் முகத்தைப் பார்ப்பார்கள்.
அந்த 'ஆனாலை' எந்த வாயால் சொல்வான்?
சொல்லிவிடுவான் என்றுதான் தோன்றியது.
வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆம் என்ற கட்டத்தில் குறியிடுகிறான்.

ஐந்தாவது கேள்வி: உன்னைப் பற்றி ஐம்பது சொற்களில்.
போன வருஷம் தலைமைப்பண்பு என்று எழுதியிருந்தான்,
சகோதரத்துவம் என்று இரண்டு தடவை.
இப்போது விரல்கள் வேறெங்கோ போகின்றன:
பத்து வயதில் அப்பாவின் வண்டியில் போனேன்.
அதிகாலை நாலு மணி. சாலையே தெரியவில்லை.
எப்படி ஓட்டுகிறீர்கள் என்றேன்.
வேலிக்கம்பங்களை எண்ணு, உரக்க எண்ணு என்றார்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன், பிறகு

சொற்கள் மிஞ்சிவிட்டதாய்ச் சிவப்பில் காட்டுகிறது திரை.

உலர்த்தி நிற்கிறது.
எழுத்துகளும் நிற்கின்றன.
மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.
நீலச் சட்டையை உருவித் தொட்டுப் பார்க்கிறான்.
உடம்பெல்லாம் காய்ந்திருக்கிறது, காலர் இன்னும் ஈரம்.
பையைத் துழாவி
இன்னொரு கால் டாலரைப் போடுகிறான்.