நாணயச் சங்கம்

பள்ளிப்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மாடியில் ஒற்றை அறை.
பலகையில் 'சிக்கன நாணயச் சங்கம்';
சிக்கனம் உதிர்ந்துபோய்
நாணயம் மட்டும் நிற்கிறது.

குப்பய்யாவின் பதினெட்டாயிரத்துக்கு நான் ஜாமீன்.
மேலே தெலுங்கில் அவன் கையெழுத்து,
கீழே தமிழில் என்னுடையது.
தை பிறந்ததும் தறியை விற்று
நகரி தாண்டிப் போனவன் போனவன்தான்.
பதினோரு மாதம் நான் கட்டினேன்.
ரசீது தரும்போதெல்லாம்
செயலாளர் துரைக்கண்ணு
என் முகத்தைப் பார்க்காமல்
மின்விசிறியைப் பார்ப்பார்.

பொதுக்குழுவில் அவன் மனைவி சுகுணம்மா எழுந்தாள்:
"தையல் மிஷினுக்கு ஏழாயிரம் காவாலி சார்."
ஜாமீன் யார் என்றார் செயலாளர்.
அறுபது பேரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

பெருந்தன்மை என்று பிறகு சொன்னார்கள்.
அதெல்லாம் இல்லை.
என் மகள் பிரசவத்துக்கு
இதே அறையில் நான் நின்ற நாளில்
குப்பய்யாதான் முதலில் கை தூக்கினான்,
பீடித் துண்டு விரலிடுக்கில் இருந்தபடியே.

தூக்கினேன்.
இரண்டாவது ஜாமீன் வேண்டுமே என்றபோது
பின்வரிசையில் ஒரு கை:
முனிரத்தினம்.
சுவர்த் தகராறில் ஆறு வருடமாக
என்னோடு பேச்சில்லாதவர்.

ஒரே படிவம். ஒரே பேனா.
எனக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மேசைமேல் வைத்தார்,
என் கையில் தரவில்லை.