இணைப்பு எண் 31

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கிளிஞ்சல்திட்டுக்குக் கணக்கெடுக்கப் போகிறேன்.
கொள்ளிடம் கடலைத் தொடுவதற்குக்
கொஞ்சம் முன்னால், இரண்டு கைகளாகப் பிரியும் இடம்.
நாகமுத்துவின் ஃபைபர் படகு.
டீசலுக்கு நூறு ரூபாய். வாரியம் அதைத் தருவதில்லை.

நான் வேலையில் சேர்ந்த வருஷம்
திட்டில் நாற்பத்திரண்டு இணைப்புகள்.
காலை ஏழுக்கு ஆரம்பித்தால்
மத்தியானம் வரை நடக்கணும்,
கத்தரி, வெண்டை, செவ்வந்தி என்று
வரப்பு மாறி வரப்பு.
செம்பாயி வீட்டில் மோர் கொடுப்பார்கள்.
மீட்டர் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருந்தால்
கை வைப்பதற்கு முன்பே சத்தம் போடுவார்கள்.

மோட்டாரில் வந்த தண்ணீர்
முதலில் சப்பென்று ஆனதாம்.
அப்புறம் அதில் பருப்பு வேகவில்லையாம்.
எனக்கு எண்களில்தான் தெரிந்தது:
மார்ச்சில் 180. மே மாதம் 94.
அடுத்த மே மாதம் சுழி.
குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டதை
யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆடியில் மேட்டூர் நிரம்பி வழிந்தால்
மேற்கிலிருந்து நல்ல தண்ணீர் இடுப்பளவு.
வைகாசி வாவுக்குக்
கிழக்கிலிருந்து உப்புத் தண்ணீர் கணுக்கால் அளவு.
இரண்டும் தின்பது ஒரே கரையை.
"மேக்கேருந்து வந்தா புள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடலாம் சார்.
கிழக்கேருந்து வர்றது மண்ணுக்கு அடியில வருது,
எதைத் தூக்குறது?" என்றார் சாமியப்பன்.
இப்போது திருப்பூரில் வாட்ச்மேன்.
இணைப்பு எண் 12. துண்டிக்கப்பட்டது.

என் கைக்கருவியில் இருக்கும் குறியீடுகள்:
கதவு பூட்டு. மீட்டர் பழுது.
மீட்டர் எரிந்தது. மீட்டர் இல்லை.
பதினேழாம் கம்பம் ஆற்றுக்குள் நின்ற அன்று
அதன்மேல் ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.
'கதவு பூட்டு' என்று அழுத்தினேன்.
கதவும் இல்லை அங்கே, பூட்டவும் இல்லை யாரும்.

மிச்சம் தையல்நாயகி மட்டும்.
அவளும் அக்கரைத் தொகுப்பு வீட்டுக்குப் போய் நாலு வருஷம்.
வெள்ளிக்கிழமைதோறும் படகேறி வருவாள்,
கூடத்தில் குண்டு பல்பைப் போடுவாள்,
நண்டு தோண்டிய வளைகளை மிதித்து மூடுவாள்,
பொழுது சாய அணைத்துவிட்டுத் திரும்புவாள்.
ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"ரேஷன் கார்டு, ஓட்டு, வெள்ள நிவாரணம்,
எல்லாம் இந்த நம்பரை வச்சுத்தான் சார்.
இதை வெட்டிட்டா
எந்த ஊர்க்காரி நீன்னு நாளைக்குக் கேப்பாங்க.
தண்ணியக் காட்டச் சொல்றீங்களா?"

மூன்று யூனிட். நூறு வரை இலவசம்.
கட்ட வேண்டிய தொகை: ரூபாய் 0.00.
அந்த ரசீதை நாலாக மடித்து
நகையை வைப்பதுபோல் மஞ்சள் பைக்குள் வைத்தாள்.

இந்த ஐப்பசியில்
நாகமுத்து படகை நிறுத்திய இடம் அவளுடைய கூடம்.
வடக்குச் சுவர் மட்டும் நின்றது, அதில் மீட்டர்.
சிவப்பு விளக்கு துடிக்கவில்லை.
லைன் போய் இருபது நாள் ஆகிறது என்றான்.
அவள்?
"காய்ச்சல். சீர்காழி ஆஸ்பத்திரியில கெடக்கு."

முந்தைய அளவு 4118 என்றது கருவி.
இப்போதைய அளவு?
சுழி போட்டால் பெயர் பட்டியலுக்குப் போகும்,
பட்டியல் மேலே போகும்,
கழற்ற ஆள் வருவான், அவனுக்கும் நாகமுத்துவின் படகுதான்.
நாகமுத்து அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்,
நிறைய நேரம் சிந்தினான்.

4119 என்று அடித்தேன்.

அந்த ஒரு யூனிட்டில் எந்த பல்பும் எரியவில்லை.
ரசீது வந்தது, ஈரக்காற்றில் சுருண்டு சுருண்டு.
சீர்காழி பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை.
கம்பியைப் பிடித்த கையை விடாமல்
மறு கையால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.