தனி பி.என்.ஆர்

தராசு பொய் சொல்லாது என்பார்கள்.
மும்பை விமான நிலையத்தில் விடியற்காலை நாலே காலுக்கு
அம்மாவிடம் மட்டும் அது பொய் சொன்னது.
"வீட்ல தூக்கிப் பாத்தேன், பதினாலுதான்" என்றாள்,
பதினெட்டரை என்று மினுங்கிய எண்ணை முறைத்தபடி.

வீட்டில் தூக்கிப் பார்த்தது அவள் இடுப்பு.
முப்பது வருஷம் தாராவியில் குடம் சுமந்த இடுப்புக்குப்
பதினெட்டரை, பதினாலுதான்.

பதினோரு பேர். பதினோரு பெட்டி.
கோவில்பட்டியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து.
மஸ்ஜித் பந்தர் முந்திரி, தாதர் சேலைகள்,
எங்கள் சந்தில் தைத்த தோல்பைகள் ஏழு,
ஒரு இட்லிக் கொப்பரை.
கொப்பரை ஊரில் கிடைக்காதா என்றேன்.
கிடைக்கும், பம்பாயிலிருந்து வந்த கொப்பரை
கிடைக்காது என்றாள்.

"மொத்தமாக ஒன்பது கிலோ அதிகம்" என்றான் கவுன்டர் பையன்.
சட்டையில் பிரதமேஷ் என்று பெயர்.
"கிலோவுக்கு அறுநூறு."
ரூபஸ் அத்தான் உதட்டுக்குள் பெருக்கினார்.
ஐயாயிரத்து நானூறு.
முந்திரியை இங்கேயே தின்றுவிடலாம் என்றார்.

பெட்டிகள் தரையில் வாய் பிளந்தன.
அண்ணி பட்டுச் சேலைமேல் இன்னொரு சேலை சுற்றினாள்.
வேல்கனி மூன்று சட்டை போட்டுப்
பொங்கிய பூரிபோல் நின்றான்.
வரிசையில் பின்னால் நின்றவர்கள்
எங்கள் உள்பாவாடைகளைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

கடைசியில் நின்றிருந்தார் சேர்மக்கனிச் சித்தப்பா.
தனி ஆட்டோவில் வந்தவர். கையில் ஒரே ஒரு ரெக்சின் பை.
தராசில் வைத்தார்: நாலு கிலோ.
"இவர் உங்க ஆள்தானே" என்று பிரதமேஷ் முகம் மலர்ந்தான்.
"அப்போ பதினோரு கிலோ பாக்கி இருக்கு, கழிச்சிடலாம்."
தட்டினான். திரையைப் பார்த்தான். மறுபடி தட்டினான்.
"இல்லை. இவர் வேற பி.என்.ஆர்.
ஒரே குடும்பம் இல்லையா?"

டிக்கெட் போட்டவள் நான்.
"அவன் வந்தா வரட்டும், தனியாப் போடு"
என்று சொன்னவள் அம்மா.
ஆன்டாப் ஹில்லில் சுனந்தாவோடு அவர் குடியேறிய
ஒன்பது வருஷமும் எங்கள் வீட்டில்
அவருக்கு அதுதான் வினைச்சொல்.
தனியாப் போடு. தட்டை, பாயை, பத்திரிகையை.

யாரும் பதில் சொல்லவில்லை.
கன்வேயர் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

சித்தப்பா குந்தினார். பையின் ஜிப்பை இழுத்தார்.
"என் பையில வை. என் பேர்ல போகட்டும்."
இரண்டு வேட்டி, ஒரு சவரப் பெட்டி,
காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று.
கொப்பரைக்கு அந்தப் பையில் இடமில்லை.
ஏழு தோல்பைகளில் பெரியதை விரித்தார்,
தன் துணியை அதற்குள் கொட்டினார்,
கொப்பரைக்குள் முந்திரியை, முந்திரிமேல் சேலையை,
தண்ணீர் லாரியில் வால்வு பூட்டுகிற கையால்
அழுத்தி, அழுத்தி மூடினார்.
பதின்மூன்று.
"இன்னும் ரெண்டு கிலோ இருக்கு,
யாருக்காச்சும் வேணுமா?"
சந்தையில் கூவுவதுபோல் கேட்டார்.
வேல்கனி ஒரு சட்டையைக் கழற்றினான்.

எங்கள் சீர்வரிசை
எம். சேர்மக்கனி என்ற சீட்டுக் கட்டிக்கொண்டு
ரப்பர் திரைக்குள் நுழைந்தது.

காகிதப் பொட்டலம் மட்டும் தரையில் கிடந்தது.
ஓரம் கிழிந்து பச்சைக் கரை தெரிந்தது.
"சுனந்தா குடுத்தா, ஒங்களுக்கு" என்றார்
அம்மாவைப் பார்க்காமல்.

அம்மா கையில் ஏந்திப் பார்த்தாள்.
எண்ணூறு கிராம் இருக்கும்.
அல்லது, அவள் கணக்குப்படி, அறுநூறு.

தோளில் தொங்கிய கைப்பைக்குள் செருகினாள்.
அதை யாரும் எடை போடுவதில்லை.